விண்டோஸ் நிறுவல் பாதியில் நின்றுவிட்டதா? எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து பினாங்கில் எனக்குத் தெரிந்த வீடுகளில் பழைய கணினியில் விண்டோஸ் 11 போட்டுப் பார்க்கும் வேலைதான் நடக்கிறது. சிலருக்கு ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் திரையில் வந்த புரியாத எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்: "அண்ணா, இது என்ன?"

அப்படிப் படம் பிடித்தவர் பாதி வேலையை முடித்துவிட்டார். நிறுவல் எந்தக் கட்டத்தில் நின்றது, திரையில் என்ன வாசகம் வந்தது என்ற இரண்டும் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். ஆனால் பலர் அதைப் படிக்காமலேயே கணினியை அணைத்து, அதே பென் டிரைவை அதே துளையில் செருகி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். காரணம் அப்படியே இருப்பதால் அதே இடத்தில் மறுபடி நிற்கும். நடுவில் ஏதாவது ஒரு பொத்தானை அவசரத்தில் அழுத்தி, பிள்ளைகளின் படங்கள் இருந்த டிஸ்க் பகுதியையும் (பார்ட்டிஷன்) அழித்துவிடுவார்கள்.

எனவே இந்த வழிகாட்டியைக் கட்டம் கட்டமாகவே எழுதியிருக்கிறேன். உங்களுடையது எங்கே நின்றதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

கோப்புகளைக் காப்பாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்

பழைய விண்டோஸ் இன்னும் திறக்கிறதென்றால், முதலில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை மறக்க வேண்டாம். மக்கள் முக்கியமானதை அங்கேதான் போட்டு வைத்திருக்கிறார்கள்.

திறக்கவில்லை என்றாலும் கோப்புகள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. வேறொரு கணினியில் உபுண்டு அல்லது லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்குங்கள். நிறுவாமலேயே முயன்று பார்க்கும் வசதி இரண்டிலும் உண்டு. உள்ளே போனதும் பழைய டிஸ்க் ஒரு ஃபோல்டராகத் தெரியும். வேண்டியதை வெளி டிஸ்க்கிற்கு மாற்றிக்கொள்ளலாம்.

டிஸ்க் திறக்காமல் கடவுச்சொல் கேட்டால் அது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்குக்கு விண்டோஸ் போடும் பூட்டு. 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவி அதற்குத் தேவை. அந்தக் கணினியில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கிற்குள் வேறொரு கைப்பேசியிலிருந்து நுழைந்தால், பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும், கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எதையாவது மாற்றப் போகிறீர்கள் என்றால் இந்தச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துவக்கத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதியையோ, சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்பையோ தொட்டாலே பிட்லாக்கர் விழித்துக்கொண்டு சாவி கேட்கக்கூடும்.

இன்னொன்று மின்சாரம். மடிக்கணினியை சார்ஜரில் செருகியே வேலையைத் தொடங்குங்கள். மேசைக்கணினிக்கு யூபிஎஸ் இல்லையென்றால் வானத்தைப் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்கு மேல் இங்கே இடியோடு கொட்டுவது வழக்கம்தான். காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

பென் டிரைவிலிருந்தே துவங்கவில்லை

பென் டிரைவைச் செருகியும் பழைய விண்டோஸே வருகிறது, அல்லது கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்குகிறது என்றால் நிறுவல் இன்னும் தொடங்கவே இல்லை. துவக்கப் பட்டியலைக் கைமுறையாகக் கொண்டுவர வேண்டும். கணினியைப் போட்டவுடன் டெல், லெனோவோ மடிக்கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப் என்று விட்டு விட்டு அழுத்துங்கள். ஏசரிலும் எஃப்12 தான், ஆனால் பல மாடல்களில் அது அணைக்கப்பட்டிருக்கும். எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் முதலில் அதை இயக்க வேண்டும்.

பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் பெயருக்கு முன்னால் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். இந்த இடத்தில் தவறானதைத் தேர்ந்தால் அதன் விளைவு டிஸ்க் தேர்வு செய்யும் கட்டத்தில்தான் தெரியவரும், அதனால் பலருக்கு இரண்டையும் தொடர்புபடுத்தத் தோன்றுவதில்லை.

பென் டிரைவ் பட்டியலிலேயே இல்லையா? அது சரியாகத் தயாரிக்கப்படவில்லை. விண்டோஸ் நிறுவல் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே இழுத்துப் போட்டால் துவங்காது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் மூலம், குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவில் மறுபடி தயாரியுங்கள். ரூஃபஸ் என்ற சிறு நிரலும் இதற்கு நன்றாக உதவும்.

நண்பர் கொடுத்த, ஏற்கெனவே ஆக்டிவேட் செய்யப்பட்ட விண்டோஸ் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வேண்டாம். உள்ளே எதைச் சேர்த்தார்கள், எதை வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நிறுவல் தோற்றால் காரணம் உங்கள் கணினியா அந்தக் கோப்பா என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. விண்டோஸோடு வாங்கிய மடிக்கணினி என்றால் உரிமம் பெரும்பாலும் அதன் பலகையிலேயே (மதர்போர்டு) பதிந்திருக்கும், நிறுவல் தானாகவே அதை எடுத்துக்கொள்ளும். பிறகு எதற்குத் திருட்டுப் பிரதி?

'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது'

இந்த வாசகம் வந்தால் பதற்றம் வேண்டாம். விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0, பிறகு ஆதரவுப் பட்டியலில் உள்ள ஒரு செயலி. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல்.

செயலி பட்டியலுக்குள் வருகிறது, ஆனாலும் மறுக்கிறது என்றால் பெரும்பாலும் டிபிஎம் அணைந்திருக்கும். பயாஸில் டிபிஎம் என்ற பெயரிலேயே தேட வேண்டாம். இன்டெல் பலகைகளில் பிடிடி, ஏஎம்டி பலகைகளில் எஃப்டிபிஎம் என்று இருக்கும். இயக்கினால் போதும். பக்கத்திலேயே 'கிளியர்' என்று ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள், அது பிட்லாக்கர் சாவியையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

செயலியே பழையது என்றால் பயாஸில் எதை மாற்றியும் பயனில்லை. 1972 முதல் பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை ஓடுகிறது, நம் ஊரில் பலருடைய அப்பாவோ அத்தையோ அங்கே ஷிப்ட் பார்த்தவர்கள். 'நம்ம கையால வந்த சிப்பு, இன்னும் நல்லாத்தானே ஓடுது' என்று அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. சோதனையைத் தாண்டிக் குதிக்கும் குறுக்கு வழிகள் உண்டு, ரூஃபஸிலேயே அதற்கு ஒரு தெரிவு இருக்கிறது. என் சொந்தச் சோதனைக் கணினியில் செய்வேன். வங்கி வேலை பார்க்கும் பெற்றோர் கணினியில் செய்ய மாட்டேன், வருங்காலப் புதுப்பிப்புகளுக்கு உத்தரவாதம் இல்லை. அவர்களுக்கு லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுப்பேன். அல்லது 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் நீட்டிப்புப் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிந்து விண்டோஸ் 10-லேயே விட்டுவிடுவேன்.

டிஸ்க் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் ஏற்க மறுக்கிறது

எனக்கு வரும் படங்களில் மிகுதியானவை இந்தத் திரையைச் சேர்ந்தவைதான். விண்டோஸை எங்கே நிறுவுவது என்று கேட்கும் இடம். இங்கே மூன்று விதமான தொல்லைகள் வரும்.

முதலாவது, பட்டியல் காலியாக இருப்பது. உடனே பயாஸுக்குள் போய், அங்கே உங்கள் எஸ்எஸ்டியின் (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிஸ்க் சரியாகப் பொருந்தவில்லை, கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது டிஸ்க்கே போய்விட்டது. புதிதாக எம்.2 என்ற மெல்லிய குச்சி வடிவ எஸ்எஸ்டி வாங்கிப் போட்டவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எம்.2-வில் சாட்டா வகை வேறு, என்விஎம்இ வகை வேறு. ஒன்றை மட்டும் ஏற்கும் பலகைகள் நிறைய. கடையில் வாங்கும்போதே மடிக்கணினியின் முழு மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

பயாஸில் தெரிகிறது, நிறுவல் திரையில் மட்டும் இல்லை என்றால், அதுவும் பதினோராம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தைய மடிக்கணினி என்றால், காரணம் ஏறக்குறைய உறுதி. விஎம்டி என்ற இன்டெல் சேமிப்பு அமைப்பின் பின்னால் டிஸ்க் இருக்கிறது, அதைப் பார்க்கும் டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸுக்குப் புரியவைக்கும் சிறு நிரல்) விண்டோஸ் நிறுவலில் இல்லை. தீர்வு இப்படி:

1. வேறொரு கணினியில், உங்கள் மடிக்கணினித் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து, இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி அல்லது ஆர்எஸ்டி என்ற பெயரில் உள்ள டிரைவரை இறக்குங்கள்.
2. அது ஜிப் கோப்பாக இருந்தால் பிரித்து, உள்ளிருக்கும் ஃபோல்டரை நிறுவல் பென் டிரைவிலேயே நகலெடுங்கள். ஜிப்பாகவே விட்டால் நிறுவலுக்குத் தெரியாது. ஓடும் நிரலாக வந்திருந்தால் அதிலிருந்து டிரைவர் கோப்புகளைப் பிரித்தெடுக்க வேண்டும்.
3. டிஸ்க் தேர்வுத் திரையில் 'லோட் டிரைவர்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பட்டியலில் விஎம்டி என்று பெயரில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

சில நொடிகளில் டிஸ்க் தோன்றிவிடும். பயாஸில் விஎம்டியையே அணைத்துவிட்டாலும் டிஸ்க் தெரியும். ஆனால் பழைய விண்டோஸ் இன்னும் வேண்டும் என்பவர்கள் அதைச் செய்தால், அது நீலத்திரை காட்டித் துவங்க மறுக்கும்.

இரண்டாவது தொல்லை: டிஸ்க் தெரிகிறது, ஆனால் அதில் எம்பிஆர் பட்டியல் இருக்கிறது, ஜிபிடி டிஸ்க்கில்தான் நிறுவ முடியும் என்று சொல்கிறது. எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க் அது, ஜிபிடி புதிய முறை. அதில் உள்ள எதுவும் வேண்டாம் என்றால் ஷிஃப்டோடு எஃப்10 அழுத்துங்கள். கறுப்புச் சாளரம் திறக்கும். ஆங்கில எழுத்தில் டிஸ்க்பார்ட் (diskpart) என்று தட்டி என்டர் கொடுங்கள். அப்புறம் லிஸ்ட் டிஸ்க் (list disk), செலக்ட் டிஸ்க் 0 (select disk 0), கிளீன் (clean), கன்வர்ட் ஜிபிடி (convert gpt) என்று ஒவ்வொன்றாக. சுழியம் என்பது உதாரணம்தான், உங்கள் டிஸ்க்கின் எண்ணை லிஸ்ட் டிஸ்க் காட்டும். கிளீன் என்று கொடுத்த பிறகு 'உறுதியா?' என்றெல்லாம் கேட்காது. கண் இமைப்பதற்குள் டிஸ்க் காலியாகிவிடும்.

எனவே அளவைப் பார்த்து டிஸ்க்கை அடையாளம் காணுங்கள். 1 டிபி என்று வாங்கியது திரையில் ஏறத்தாழ 931 ஜிபி என்றும், 512 என்று வாங்கியது 476 என்றும், 256 என்று வாங்கியது 238 என்றும் தெரியும். ஏமாற்று இல்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது.

மூன்றாவது, கணினியில் இரண்டு டிஸ்க் இருப்பது. புதிய எஸ்எஸ்டியில் நிறுவச் சொன்னாலும் துவக்கக் கோப்புகளைப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் விண்டோஸுக்கு உண்டு. பின்னால் ஒருநாள் பழையதைக் கழற்றினால் கணினி எழும்பாது. நிறுவும் நேரத்தில் மற்ற டிஸ்க்கின் கேபிளை உருவிவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழிக்கும் ஆபத்தும் அதோடு போய்விடும்.

கோப்புகளை நகலெடுக்கும்போது நின்றுபோகிறது

சதவீத எண் அசையாமல் நிற்பதெல்லாம் தோல்வி அல்ல. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்காகக்கூட இழுக்கும். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் காத்திருங்கள், போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். விளக்கும் அசையாமல், சுட்டியும் அசையாமல் ஒரு மணி நேரம் கடந்தால் அப்போது அணைக்கலாம்.

பிழை எண் வந்திருந்தால் வேலை எளிது. முன்னால் வரும் பூஜ்யத்தையும் எக்ஸையும் விட்டுவிட்டுச் சொல்கிறேன். 80070070 என்றால் இடம் போதவில்லை. 80070570 என்றால் ஒரு கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது படிக்க முடியவில்லை. இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் புதிய எஸ்எஸ்டி வாங்க ஓடுகிறார்கள். பொறுங்கள். கோப்பு பென் டிரைவிலிருந்து புறப்பட்டு, ராம் வழியாக, டிஸ்க்குக்குப் போகிறது. வழியில் எங்கே வேண்டுமானாலும் கெட்டிருக்கலாம். செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

வேறு யூஎஸ்பி துளை. மேசைக்கணினியில் முன்பக்கத் துளைகளை நம்பாதீர்கள், பின்பக்கம் பலகையிலேயே உள்ளதில் செருகுங்கள். அடுத்து வேறு பென் டிரைவ். இணையக் கடைகளில் அடிமாட்டு விலைக்கு 1 டிபி, 2 டிபி என்று விற்கும் பென் டிரைவ்களில் பல போலி. உள்ளே சில ஜிபி மட்டுமே இருக்கும், மீதி எழுதியது போலப் பாவனை செய்யும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து, உண்மையைச் சொல்லிவிடும்.

பென் டிரைவ் மாற்றியும் அதே பிழை, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சதவீதத்தில் வருகிறது என்றால் என் சந்தேகம் ராம் மீது. கோப்பு கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும், ராம் கெட்டிருந்தால் நினைத்த இடத்தில் நிற்கும். மெம்டெஸ்ட்86 நிரலைத் தனிப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் உதவாது. இரண்டு குச்சிகள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து நிறுவிப் பாருங்கள். கழற்றுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, ஓர் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். பல வருடம் கழற்றாத ராமின் பொன்னிறக் கால்களை வெள்ளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பச் செருகினாலே சரியாகிவிடும் கணினிகளும் உண்டு.

நடுவில் கணினி தானே அணைந்துபோனால் சூடு. மெத்தை மேல் வைத்து நிறுவாதீர்கள், விசிறியின் தூசைத் தட்டுங்கள்.

இத்தனையும் தாண்டினால்தான் டிஸ்க். அதைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டு, வேறொரு கணினியில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூலம் பார்த்தால் அதன் உடல்நிலை தெரியும். 'காஷன்' அல்லது 'பேட்' என்று காட்டினால் அதில் விண்டோஸ் போடும் எண்ணத்தை விட்டுவிட்டு, கோப்புகளை மீட்கப் பாருங்கள்.

மறுதுவக்கத்துக்குப் பிறகு

முதல் மறுதுவக்கம் முடிந்து மறுபடி மொழி கேட்கும் முதல் திரையே வருகிறதா? கணினி மீண்டும் பென் டிரைவிலிருந்து துவங்குகிறது, அவ்வளவுதான். மறுதுவக்கம் ஆகும் நொடியில் பென் டிரைவை உருவிவிடுங்கள்.

பழைய விண்டோஸுக்குள்ளிருந்தே 11-க்கு ஏற்றும்போது, பாதியில் நின்று பழையதற்கே திரும்பி, சி1900101 என்று தொடங்கும் எண்ணைக் காட்டினால் பெரும்பாலும் ஒரு டிரைவர் முரண்டு பிடிக்கிறது. பிரிண்டர், வெப்கேம், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸை நீக்குங்கள். சி டிஸ்க்கில் தாராளமாக இடம் விடுங்கள். அப்படியும் தோற்றால் மைக்ரோசாஃப்டின் செட்அப்டயக் என்ற கருவியை ஓட்டுங்கள். நிறுவல் எழுதிவைத்த பதிவுகளைப் படித்து, எங்கே தடுமாறியது என்று ஒரு கோப்பில் எழுதித் தரும்.

இணையம் இல்லாமல் நகர மறுக்கிறது

கடைசிக் கட்டத்தில் வைஃபை பட்டியல் காலியாக இருந்தால் வைஃபை டிரைவர் இல்லை என்று பொருள். ரவுட்டரிலிருந்து கேபிள் இழுக்கலாம். அல்லது ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள், கணினி அதைக் கேபிள் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். இணையம் இருந்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய முடியவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். பழைய மேசைக்கணினிகளில் பலகையில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு எதுவும் ஏற்படாது. சில ரிங்கிட் பேட்டரிதான்.

விசைப்பலகையை இந்தக் கட்டத்தில் ஆங்கிலத்திலேயே விடுங்கள். தமிழ்99 விண்டோஸிலேயே இருக்கிறது, பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். இப்போதே சேர்த்தால் கடவுச்சொல்லை எந்த விசைப்பலகையில் தட்டினோம் என்ற குழப்பம் வரும்.

கடைக்குப் போவதென்றால்

பயாஸில் டிஸ்க் தெரியாதது, மெம்டெஸ்டில் சிவப்பு வந்தது, கணினி எழும்பவே இல்லை என்ற நிலைகளில் பினாங்கில் கொம்தார் பக்கமோ உங்கள் வட்டாரத்திலோ ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போக வேண்டியதுதான். பிழைத் திரையின் படத்தையும், நீங்கள் செய்து பார்த்தவற்றின் பட்டியலையும் காட்டுங்கள். செய்ததையே திரும்பச் செய்து அவர்கள் காசு வாங்க மாட்டார்கள். கோப்புகள் வேண்டுமா வேண்டாமா என்பதை வாயால் சொல்வதோடு ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள், கேட்காமல் ஃபார்மட் செய்வது பல கடைகளில் சகஜம். டிஸ்க் மாற்றினால் பழையதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கெட்டுப்போனது என்று சொன்னாலும் சரி. உங்கள் வங்கிக் கடிதமும் அடையாள அட்டை நகலும் அதில்தான் இருக்கின்றன.